எதிர்ப்பு ரகம் போட்டும் சுடுமல்லி பூக்கிறது: இது எதிர்ப்பா, தாங்குதலா?

நிலத்துளி

வணக்கம். சோளத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சும் களையான சுடுமல்லி பற்றி இங்கே பல தடவை பேச்சு வந்திருக்கிறது. ஆனாலும் என் கேள்விக்கு நேரான பதில் எதிலும் இல்லாததால் தனி இழை தொடங்குகிறேன்.

சுடுமல்லியை எதிர்க்கும் ரகம் என்று சொல்லிக் கொடுத்த விதையைப் போட்டேன். பயிர் நன்றாகவே வந்தது, கதிரும் பிடித்தது. பழைய ரகம் இதே நிலத்தில் முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும், மண்ணில் ஈரம் இருக்கும்போதே உச்சி வெயிலில் வாடித் தொங்கும். இது அப்படி வாடவில்லை. ஆனால் வரிசைகளுக்கு நடுவே குனிந்து பார்த்தால் சுடுமல்லி குத்துக்குத்தாக நிற்கிறது. பூத்தாயிற்று, சிலவற்றில் காயும் வந்தாயிற்று. விதை கொடுத்தவரைக் கேட்டால், "விளைச்சல் குறையவில்லையே, பிறகென்ன?" என்கிறார். எனக்கு மனசு ஆறவில்லை. களையும் செழிப்பு, பயிரும் செழிப்பு என்றால் அந்த ரகம் எதைத்தான் எதிர்க்கிறது?

---

வேர்ப்பக்கம்

உங்கள் சந்தேகம் நியாயமானது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அந்த ரகத்தில் இருப்பது எதிர்ப்புத்திறன் அல்ல, தாங்குதிறன். இரண்டையும் ஒரே பெயரில் விற்பது விவசாயிக்குச் செய்கிற அநியாயம் என்றே நினைக்கிறேன்.

எதிர்ப்புத்திறன் இருந்தால் வேரில் ஒட்டுண்ணி குறைவாகத்தான் ஒட்டும். ஒட்டியவையும் பெரும்பாலும் வளராமல் கருகிவிடும். தாங்குதிறன் இருந்தால் மற்ற ரகங்களில் ஒட்டுகிற அளவு இதிலும் ஒட்டும், பயிர் மட்டும் அதற்காகச் சுருண்டுவிடாது. அந்தப் பருவத்துத் தானியத்தை மட்டும் நிறுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மண்ணுக்குத் திரும்பிப் போகிற விதையைப் பார்த்தால்தான் தெரியும்.

சுடுமல்லி விதை நீளத்தில் சுமார் 0.3 மில்லிமீட்டர். உள்ளங்கையில் கொட்டினால் பழுப்புத் தூசி மாதிரி ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நன்றாக வளர்ந்த ஒரு செடி பல்லாயிரம் விதை உதிர்க்கும். அவை மண்ணில் 10 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஆகவே உங்கள் நிலத்தில் இப்போது நிற்கும் ஒவ்வொரு காயும் அடுத்த பத்து வருஷத்துக்கான சுமை. வட்டி கட்ட முடிகிறது என்பதற்காகக் கடன் அடைந்ததாகிவிடாது.

எந்த ரகத்தைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அறுவடை முடிந்தபோது மண்ணில் ஒட்டுண்ணி விதை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? விளைச்சல் இரண்டாவது கேள்வி.

---

பசுங்கதிர்

வேர்ப்பக்கம் ஐயா சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. ஆனால் தாங்குதிறனை இப்படி ஒதுக்கிவிடுவது சரியில்லை. இந்த வருஷம் தானியம் வீட்டுக்கு வராவிட்டால் பத்து வருஷக் கணக்கை யார் உட்கார்ந்து பார்ப்பது?

மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். சுடுமல்லி சேர்ந்த ஸ்டிரைகா பேரினம் ஆப்பிரிக்க, ஆசிய மண்ணுக்குரியது. இரண்டும் ஒன்றாக வளர்ந்த வரலாறே கிடையாது என்பதால் மக்காச்சோளத்தில் இயல்பான எதிர்ப்பு மிக அரிது. சோளம் அப்படியல்ல. அது ஆப்பிரிக்காவில் தோன்றி ஸ்டிரைகாவோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மோதி வளர்ந்தது, எதிர்ப்பு மூலங்களும் அதனால்தான் அதில் அதிகம். நைஜீரியாவின் இபாதானில் இருக்கும் ஐஐடிஏ என்ற வேளாண் ஆய்வு நிறுவனம் மக்காச்சோளத்தில் வேலையைத் தொடங்கியபோது கைக்கு எட்டியது தாங்குதிறன்தான். ஸ்டிரைகா விதையை மணலில் கலந்து ஒவ்வொரு நடவுக் குழியிலும் போட்டு, இலைக் கருகலுக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் கொடுத்து, தாங்குகிற வம்சங்களைப் பொறுக்கினார்கள். பிறகுதான் காட்டு உறவான சீயா டிப்ளோபெரென்னிஸிலிருந்து மரபணுக்களைக் கொண்டுவந்து, வேரில் ஒட்டுவதே குறைகிற வம்சங்களை உருவாக்க முடிந்தது. முதல் படியில் கால் வைக்காமல் இரண்டாவது படிக்கு அவர்கள் போயிருக்க முடியுமா?

---

வேர்ப்பக்கம்

> இந்த வருஷம் தானியம் வீட்டுக்கு வராவிட்டால்

இதை நான் மறுக்கவே இல்லை. தாங்குதிறன் வேண்டும். ஆனால் தாங்குகிற ரகத்தைக் கொடுக்கும்போது, "களை பூக்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள், இந்த ரகம் அதைத் தடுக்காது" என்று சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எதிர்ப்பு ரகம் என்று சொல்லிக் கொடுத்தால் விவசாயி பிடுங்க மாட்டார். பயிர் பச்சையாக நிற்கும்போது யாருக்குக் குனிந்து பிடுங்கத் தோன்றும்? வாடுகிற பயிர் எச்சரிக்கையாவது செய்கிறது. வாடாத பயிர் அதையும் செய்வதில்லை.

ஐஐடிஏ பற்றி நீங்கள் சொன்னதிலேயே என் வாதமும் இருக்கிறது. அவர்கள் சேத மதிப்பெண்ணோடு நின்றுவிடவில்லை. வெளியே முளைத்த ஸ்டிரைகா எண்ணிக்கையையும் தனியாக எடுத்தார்கள். இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் எது எதிர்ப்பு, எது தாங்குதல் என்று பிரிக்க முடியும்.

---

ஆய்வுமேசை

எதிர்ப்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் ஒட்டுண்ணி பயிருக்குள் நுழைவது படிப்படியாக நடக்கிற காரியம். எந்தப் படியில் தடுக்கிறது என்று தெரியாவிட்டால் ரகங்களை ஒப்பிடவே முடியாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுடுமல்லி விதை ஈரமும் சூடும் கிடைத்த உடனே முளைக்காது. ஒன்றிரண்டு வாரம் ஈரத்தில் ஊறித் தயாராக வேண்டும். அப்படித் தயாரான பிறகும், பக்கத்தில் பயிரின் வேர் இருக்கிறது என்ற அறிகுறி கிடைத்தால்தான் முளைக்கும். வேரிலிருந்து கசியும் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருள்கள்தான் அந்த அறிகுறி. இந்தக் குடும்பத்தில் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது ஸ்ட்ரிகோல், 1966இல், பருத்தி வேரிலிருந்து. பருத்தியில் சுடுமல்லி ஒட்டி வளராது, ஆனால் பருத்தி அதை முளைக்க வைக்கும். முளைத்து ஒட்ட வேர் கிடைக்காமல் செத்துப்போகும். பொறிப் பயிராகப் பருத்தியைச் சொல்வது இதனால்தான்.

இந்த விதைகளின் கூர்மை நம்ப முடியாதது. சுடுமல்லியின் ஆப்பிரிக்க உறவினமான ஸ்டிரைகா ஹெர்மோந்திகாவிடம் இருக்கும் ஒரு ஏற்பிப் புரதம், லிட்டருக்குப் பிகோமோல் அளவு, அதாவது ஒரு மோலின் லட்சம் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே உணர்ந்துவிடுகிறது. 2015இல் இது வெளியானபோது, இதோடு போட்டி போட்டு ஒரு பயிரை எப்படி உருவாக்குவது என்று உண்மையிலேயே மலைத்துப்போனேன்.

ஆனால் வழி இருந்தது, அதுவும் சோளத்திலேயே. எஸ்ஆர்என்39 என்ற சோள வம்சம் சுடுமல்லியை மிகக் குறைவாகவே முளைக்க வைக்கிறது. எத்தியோப்பியாவில் பிறந்து அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கெபிசா எஜெட்டாவின் குழு இதை வைத்துத்தான் வேலை செய்தது. அவருக்கு 2009இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தப் பணியிலிருந்து வந்த கோபியே, அப்ஷிர் போன்ற ரகங்கள் எத்தியோப்பியாவில் வெளியிடப்பட்டன. அதற்குப் பின்னால் இருக்கும் மரபணு 2017இல்தான் துல்லியமாகப் பிடிபட்டது: எல்ஜிஎஸ்1. அது வேலை செய்தால் வேரிலிருந்து 5-டிஆக்சிஸ்ட்ரிகோல் கசிகிறது, சுடுமல்லி விழித்துக்கொள்கிறது. அது பழுதாகியிருந்தால் அதற்குப் பதில் ஓரோபாங்கோல் கசிகிறது, சுடுமல்லி பெரும்பாலும் தூங்கியே கிடக்கிறது. வேர் கசிவதை நிறுத்தவில்லை, வேறொன்றைக் கசிகிறது. இந்த நுணுக்கம் முக்கியம்.

அடுத்த படி ஒட்டுதல். முளைத்த விதையின் முளைவேர் சில மில்லிமீட்டர்தான் நீளும். அதற்குள் பயிரின் வேர் அகப்பட வேண்டும். அகப்பட்டால் நுனி பருத்து உறிஞ்சு வேராக மாறும். அதற்கும் பயிரின் வேர்ச் சுவரிலிருந்து வரும் குவினோன் வகைப் பொருள்கள் தூண்டுதல் தர வேண்டும். பிறகு அது வேரின் வெளித்திசுவான புறணியைத் துளைத்து, அதற்கு உள்ளே இருக்கும் அகத்தோலைத் தாண்டி, நீரைக் கடத்தும் சைலத்தைத் தொட வேண்டும். இந்த ஒவ்வொரு இடத்திலும் தடுக்கும் ரகங்கள் உண்டு. நிப்பான்பாரே நெல்லில் ஸ்டிரைகா ஹெர்மோந்திகா புறணி வரை போய், பெரும்பாலும் அகத்தோலில் முட்டி நின்றுவிடுகிறது. ஆப்பிரிக்காவுக்காக உருவாக்கிய நெரிக்கா நெல்களில் நெரிக்கா 1, நெரிக்கா 10 இரண்டும் ஒட்டிய பிறகு தடுப்பதில் வலுவானவை.

---

நிலத்துளி

ஆய்வுமேசை, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஒரு சந்தேகம். வேர் அப்படி ஒரு பொருளைக் கசிவதே ஒட்டுண்ணியைக் கூப்பிடவா? பயிருக்கு அதனால் ஏதாவது உபயோகம் இருக்க வேண்டுமே. அதை நிறுத்தினாலோ மாற்றினாலோ பயிருக்குக் கெடுதல் வராதா?

---

ஆய்வுமேசை

வரும். எவ்வளவு என்பதுதான் ரகத்துக்கு ரகம் மாறுகிறது.

பயிர் அதைக் கசிவது வேர்ப்பூஞ்சைகளுக்காக. மண்ணில் மணிச்சத்து குறைந்தால் அதை எடுத்துத் தரும் பூஞ்சைகளுக்கு வேர் இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். ஸ்ட்ரிகோலாக்டோன் பூஞ்சை இழைகளைக் கிளைக்க வைக்கிறது என்பது 2005இல் தெரியவந்தது. 2008இல் இன்னொன்றும் தெரிந்தது: செடிக்குள் அதுவே ஹார்மோனாகவும் வேலை செய்து, பக்கக் கிளைகளை அடக்கி வைக்கிறது. சுடுமல்லி இந்தப் பழைய உறவை ஒட்டுக்கேட்டுப் பிழைக்கிறது.

ஆகவே உற்பத்தியையே முழுசாக வெட்டினால் செடி உருமாறிவிடும். தக்காளியில் சிசிடி8 என்ற மரபணுவை கிறிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் முடக்கிய ஆய்வு 2019இல் வந்தது. ஃபெலிபாங்கி ஏஜிப்டியாகா என்ற வேர் ஒட்டுண்ணி நன்றாகக் குறைந்தது. ஆனால் செடி குட்டையாகி, கண்டபடி கிளைத்து, தண்டிலிருந்தெல்லாம் வேர்விட்டது. ஆய்வகத்தில் அது வெற்றி. வயலில் அப்படி ஒரு தக்காளியை யாரும் கேட்க மாட்டார்கள்.

சோளத்தில் எல்ஜிஎஸ்1 வழி இதைவிட மென்மையானது. கசிவு இருக்கிறது, வகைதான் வேறு. அதனால் பூஞ்சை உறவு அறுந்துபோவதில்லை. அப்படியும் முற்றிலும் செலவில்லாதது என்று சொல்ல முடியாது. ஆப்பிரிக்க நாட்டுச் சோளங்களை ஆராய்ந்த 2020 ஆய்வில், பழுதான எல்ஜிஎஸ்1 ஸ்டிரைகா உள்ள பகுதிகளில் அதிகமாகவும் மற்ற இடங்களில் குறைவாகவும் காணப்பட்டது. தொல்லை இல்லாத இடத்தில் பயிர் அதை வைத்துக்கொள்ள விரும்பவில்லை என்றால், சிறிதாவது நஷ்டம் இருக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. மக்காச்சோளத்திலும் இதே மாதிரி, கசிவின் கலவை மாறியதால் ஸ்டிரைகா குறையும் வம்சம் ஒன்றை 2023இல் விளக்கினார்கள்.

இன்னொரு விஷயம். எஸ்ஆர்என்39இன் அந்தக் குணம் ஒடுங்கு குணம். வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகம் வாங்கும்போது தாய், தந்தை இரண்டிலும் அது இருந்தால்தான் விதையில் வெளிப்படும். ஒரு பெற்றோரில் மட்டும் வைத்துவிட்டு எதிர்ப்பு என்று எழுதினால் அந்த எழுத்துக்கு மதிப்பில்லை.

---

தட்டைக்கொடி

நான் தட்டைப்பயறு பக்கத்து ஆள். அங்கே வருகிற ஸ்டிரைகா வேறு இனம், ஸ்டிரைகா கெஸ்னெரியாய்டிஸ். எங்கள் பயிரின் அனுபவம் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

போட்ஸ்வானாவின் நாட்டு ரகம் ஒன்று, பி301. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, விதை சிறுத்தது, விளைச்சலும் சொல்லும்படி கிடையாது. ஆனால் ஒட்டுண்ணி வேரைத் தொட்ட இடத்தில் பி301 தன் சொந்தத் திசுவையே சாகடித்துக்கொள்ளும். அந்த இடம் பழுப்பாகிக் காய்ந்துவிட, ஒட்டியது பட்டினியில் போய்விடும். இதைப் பெற்றோராக வைத்து நல்ல விளைச்சல் ரகங்கள் பல வந்தன. 2009இல் இதன் பின்னால் இருக்கும் மரபணுக்களில் ஒன்றைக் கண்டுபிடித்தபோது, அது துருநோய், சாம்பல்நோய் போன்றவற்றை எதிர்க்கும் மரபணுக்களின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. ஒரு செடி இன்னொரு செடியை நோய்க்கிருமியாகவே பாவித்து எதிர்க்கிறது. எனக்கு இன்றுவரை வியப்புத் தருகிற விஷயம் இது.

ஆனால் நோயில் நடப்பதுதான் இங்கேயும் நடந்தது. இந்த ஒட்டுண்ணியில் தனித்தனி இனக்கூறுகள் உண்டு. புர்க்கினா ஃபாசோவில் ஒன்று, மாலியில் ஒன்று, நைஜீரியா நைஜர் பக்கம் ஒன்று. அவற்றுக்கெல்லாம் அசையாத பி301, பெனின் நாட்டின் சக்போட்டா பகுதியில் இருக்கும் இனக்கூறிடம் தோற்றுவிட்டது.

எனவே ரகத்தின் பெயரை மட்டும் சொல்லி "எதிர்ப்பு உண்டா?" என்று கேட்பது அரைக் கேள்வி. எந்த இடத்து ஒட்டுண்ணிக்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

---

சூரியமுகம்

தட்டைக்கொடி சொன்னதைவிட வேகமாக எங்கள் சூரியகாந்தியில் நடந்திருக்கிறது. ஓரோபாங்கி குமானா, பச்சையமே இல்லாத ஒட்டுண்ணி, முழுக்க வேரை உறிஞ்சியே வாழும். 1980இல் ருமேனியாவில் ஏ முதல் இ வரை ஐந்து இனக்கூறுகளையும் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தடுக்கும் ஐந்து மரபணுக்களையும் வரிசைப்படுத்தினார்கள். ஐந்தாவது மரபணு எல்லாவற்றையும் தடுத்ததால் எல்லாரும் அதையே போட்டார்கள். 1990களில் ஸ்பெயினில் எஃப் வந்து அதைத் தாண்டியது. பிறகு ஜி, எச் என்று போய்க்கொண்டே இருக்கிறது. எஃப் இனக்கூறைத் தடுக்கும் ஹாஓர்7 மரபணு 2019இல் துல்லியமாகக் கண்டறியப்பட்டது. ஒட்டுண்ணி வேரின் சாற்றுக்குழாயோடு இணைப்பு ஏற்படுத்துவதை அது தடுக்கிறது. அருமையான மரபணு. ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு வட்டாரம் முழுவதும் விதைத்தால் முடிவு என்ன ஆகும் என்பது முந்தைய ஐந்து மரபணுக்களிலேயே தெரிந்துவிட்டது.

---

வேர்ப்பக்கம்

நீங்கள் இருவரும் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ஒட்டுண்ணியின் மகரந்தச் சேர்க்கை எப்படி என்பதும் எதிர்ப்பு எப்படி உடையும் என்பதைத் தீர்மானிக்கிறது. தட்டைப்பயறு ஸ்டிரைகா தன் மகரந்தச் சேர்க்கை செய்வது, அதனால் இனக்கூறுகள் தெளிவாகப் பிரிந்து கிடக்கின்றன. நிலத்துளியின் சுடுமல்லியான ஸ்டிரைகா ஏசியாட்டிகாவும் பெரும்பாலும் அப்படித்தான். ஸ்டிரைகா ஹெர்மோந்திகா கட்டாயம் அயல் மகரந்தம் கேட்கும். அதனால் ஒரே வயலில் நிற்கும் செடிகளுக்குள்ளேயே அத்தனை வேறுபாடு. ஒரு மரபணுவை மட்டும் எதிரே நிறுத்தினால், அதைத் தாண்டக்கூடியது அந்தக் கூட்டத்தில் ஏற்கெனவே எங்காவது இருக்கும்.

ஆகவே வெவ்வேறு படிகளில் தடுக்கும் குணங்களை ஒரே ரகத்தில் அடுக்க வேண்டும். இந்தியாவின் என்13 என்ற சோளத்தில் வேரின் அகத்தோல் செல் சுவர்கள் தடித்திருக்கும், ஒட்டுண்ணி துளைக்கத் திணறும். அதன் மரபுப் பகுதிகளை மார்க்கர் என்ற மரபணு அடையாளங்களின் துணையோடு திரும்பத் திரும்பக் கலப்பு செய்து, சூடானின் தாபத், வாத் அகமது போன்ற ரகங்களுக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். விவசாயிக்குப் பழகிய ரகம் அப்படியே இருக்க, வேர் மட்டும் பலப்படுகிறது. அதோடு எல்ஜிஎஸ்1 குணத்தையும் சேர்த்தால் ஒட்டுண்ணி இரண்டு தடைகளை ஒரே தலைமுறையில் தாண்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்று. முளைக்க விடாத ரகம், முளைக்க விட்டு வேரில் கொல்லும் ரகம், இரண்டுக்கும் மண்ணளவில் பலன் ஒன்றல்ல. முதலாவது புது விதை சேராமல் தடுக்கும், ஆனால் கிடக்கிற விதை கிடந்தபடியே தூங்கும். அடுத்த முறை வேறு ரகம் போட்டால் அத்தனையும் எழுந்துவிடும். இரண்டாவது வகை ஒவ்வொரு பருவமும் கொஞ்சம் விதையை எழுப்பிச் சாகடித்து இருப்பைக் கரைக்கும். விதை ஏற்கெனவே மண்டிக் கிடக்கும் நிலத்துக்கு இரண்டாவது குணம் இருக்கும் ரகத்தைத்தான் நான் தேடச் சொல்வேன்.

---

கூந்தல்கொடி

வேருக்கு வெளியேயும் இது நடக்கிறது என்பதற்காக ஒரு சிறு பதிவு. அம்மையார் கூந்தல் தண்டைச் சுற்றிக்கொண்டு உறிஞ்சும். அதில் கஸ்குட்டா ரிஃப்லெக்சா இனம் தக்காளியில் சுற்றினால், உறிஞ்சு வேர் தொட்ட இடத்தில் தக்காளி தழும்பு மாதிரி கெட்டியாகி அதை வெளியே தள்ளிவிடும். இதை உணரும் கியூரே1 என்ற ஏற்பி 2016இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதே தக்காளியில் கஸ்குட்டா கம்பெஸ்ட்ரிஸ் தாராளமாக வளர்கிறது. ஒரே குடும்பத்துக் கொடி, ஒன்றுக்கு எதிர்ப்பு, மற்றதற்கு விருந்தோம்பல்.

---

பசுங்கதிர்

ரகம் ரகம் என்று பேசும்போது ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கென்யாவில் வந்த ஐஆர் மக்காச்சோளத்தையும் சிலர் ஸ்டிரைகா எதிர்ப்பு என்கிறார்கள். அது இமாசபைர் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் மக்காச்சோளம். விதையின் மேல் அந்த மருந்தைப் பூசி விதைப்பார்கள். வேரில் ஒட்ட வரும் ஸ்டிரைகாவை மருந்துதான் கொல்கிறது, செடி அல்ல. வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பூச்சு இல்லாத விதையை அடுத்த வருஷம் எடுத்துப் போட்டால் பாதுகாப்பு பூஜ்யம்.

ரகத்தோடு சேர்த்துச் செய்ய வேண்டியதையும் சொல்கிறேன். கென்யாவின் ஐசிப் என்ற பூச்சியியல் ஆய்வு நிறுவனம் பரப்பிய முறையில் மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடியை வளர்க்கிறார்கள். அதன் வேர்க் கசிவு ஸ்டிரைகாவை முளைக்கவும் வைக்கிறது, முளைத்தது மக்காச்சோளத்தில் ஒட்டாமல் தடுக்கவும் செய்கிறது. தழைச்சத்தும் ஏறுகிறது. வேர்ப்பக்கம் கேட்கும் விதைக் கணக்கு இதில் உண்மையிலேயே இறங்குகிறது. அமெரிக்காவில் 1956இல் வட, தென் கரோலினா மாநிலங்களில் சுடுமல்லி கண்டுபிடிக்கப்பட்டபோது மண்ணுக்குள் எத்திலீன் வாயுவைச் செலுத்தி, பயிர் இல்லாமலே விதைகளை முளைக்க வைத்துச் சாகடித்தார்கள். அரசு பல பத்தாண்டுகள் விடாமல் செய்ததால் பரப்பு மிகச் சுருங்கியது. சிறு விவசாயிக்கு எத்திலீன் எட்டாது. டெஸ்மோடியம் எட்டும்.

---

வேர்ப்பக்கம்

பசுங்கதிர், இதில் நாம் இருவரும் ஒரே பக்கம். எதிர்ப்பு ரகம், ஊடுபயிர், மண்வளம் மூன்றும் சேர்ந்தால்தான் எதிர்ப்பு மரபணுவுக்கே ஆயுள் கூடும். தாண்ட முயலும் ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை குறையக் குறைய, தாண்டிவிடக்கூடிய ஒன்று அவற்றுக்குள் இருக்கும் வாய்ப்பும் குறையும்.

---

நிலத்துளி

எல்லாருக்கும் நன்றி. இப்போது என் ரகம் எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று புரிகிறது. அடுத்த போகத்துக்கு இரண்டு மூன்று ரகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஆய்வகம் கிடையாது. மண்வெட்டியும் வாளியும்தான். இதை வைத்து எதிர்ப்பா, தாங்குதலா என்று நானே கண்டுபிடிக்க வழி உண்டா?

---

வேர்ப்பக்கம்

உண்டு. ஆய்வகத்தில் அகார் கூழில் விதைகளைப் பரப்பி, நடுவே சோள நாற்றை வைத்து, வேரிலிருந்து எவ்வளவு தூரம் வரை சுடுமல்லி முளைக்கிறது என்று அளப்பார்கள். 10 மில்லிமீட்டருக்குள் நின்றால் குறைவாகத் தூண்டும் ரகம். அது உங்களுக்கு வேண்டாம். வயலில் இப்படிச் செய்யுங்கள்.

முதலில் நடவு. சுடுமல்லி விதை நிலத்தில் சமமாகப் பரவியிருக்காது, ஒரு மூலையில் மண்டியும் இன்னொரு மூலையில் அறவே இல்லாமலும் இருக்கும். அதனால் ஒரு ரகத்தை ஒரே இடத்தில் போட்டுப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொரு ரகமும் பல இடங்களில் வரும்படியும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே வாடிப்போகிற உங்கள் பழைய ரகம் நிற்கும்படியும் போடுங்கள். பக்கத்துப் பழைய ரகத்தில் சுடுமல்லியே வராத பாத்தியில் புது ரகம் சுத்தமாக இருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

எல்லாப் பாத்திக்கும் ஒரே உரம். மணிச்சத்து குறைந்த இடத்தில் வேர் அதிகம் கசியும், கூடிய இடத்தில் குறைவாகக் கசியும். எருக்குழி ஓரத்துப் பாத்தியில் எந்த ரகமும் எதிர்ப்பு ரகம் போலத்தான் தெரியும்.

எண்ணிக்கையை ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள். சுடுமல்லி மண்ணுக்கு மேலே தலைகாட்டும் முன்பே சேதத்தின் பெரும்பகுதி முடிந்துவிடும், மேலே வருவதும் ஒரே சமயத்தில் வராது. முதல் செடி தெரிந்ததிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாத்திவாரியாக எண்ணி எழுதுங்கள். பூத்தவை எத்தனை, காய் பிடித்தவை எத்தனை என்று தனித்தனியாக.

பிறகு வாளி வேலை, எனக்கு மிகவும் பிடித்தது. சுடுமல்லி தலைகாட்டும் சமயத்தில் ஒவ்வொரு ரகத்திலும் சில செடிகளை வேரைச் சுற்றி அகலமாக மண்கட்டியோடு தோண்டி எடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் ஒட்டியதெல்லாம் அறுந்து மண்ணோடு போய்விடும். கட்டியை வாளித் தண்ணீரில் அப்படியே இறக்கி, மண் தானாகக் கரையும் வரை விட்டுவிடுங்கள். பிறகு வேரை மெல்ல அலசி, வெள்ளைத் தட்டிலோ துணியிலோ பரப்பிப் பாருங்கள். எளிதில் பாதிக்கப்படும் ரகத்தில் மெல்லிய வேர்களின் ஓரமாக வெளுத்த சிறு முண்டுகளும், அவற்றிலிருந்து செதில் செதிலான இலையோடு மேலே ஏறத் துடிக்கும் வெள்ளைத் தண்டுகளும் இருக்கும். தாங்கும் ரகத்திலும் அதே காட்சிதான், மேலே பயிர் பச்சையாக இருக்கும், அவ்வளவே. ஒட்டிய பிறகு எதிர்க்கும் ரகத்தில் தொட்ட இடம் பழுப்புப் புள்ளியாகக் கருகி, முண்டு வளராமல் சுருங்கிக் கிடக்கும். முளைக்கவே விடாத ரகத்தில் வேர் சுத்தமாக இருக்கும்.

சுத்தமான வேரைப் பார்த்தால் ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: அந்த ரகத்தின் வேர்த்தொகுதியே சிறியதா? வேர் குறைவாக ஓடும் ரகமும், சீக்கிரம் முற்றும் ரகமும் விதைகளோடு குறைவாகச் சந்திப்பதால் தப்பித்துக்கொள்ளும். அதுவும் பயன்தான், ஆனால் விதை மண்டிய நிலத்தில் கைகொடுக்காது.

இவை அடுத்த போகத்துக்கு. இப்போது நிலத்தில் நிற்பதற்கு: காய் பச்சையாக இருப்பவற்றை இன்றே பிடுங்குங்கள். வரப்பில் போட்டுவிடாதீர்கள், பிடுங்கிப் போட்ட பிறகும் காய் முற்றி வெடிக்கலாம். சாக்கில் அள்ளி நிலத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். ஏற்கெனவே பழுத்துக் காய்ந்தவற்றை அசைக்காமல், மேலே பையை மூடிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் அறுத்தெடுங்கள். அறுவடையின்போது அந்தப் பகுதியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டி, உழவுக் கருவி, செருப்பு எல்லாவற்றையும் அங்கேயே உதறிக் கழுவிவிட்டு அடுத்த வயலுக்குள் கால் வையுங்கள்.

---

நிலத்துளி

சாக்கோடு இறங்குகிறேன் ஐயா. எண்ணிக்கையை இதே இழையில் பாத்திவாரியாகப் போடுகிறேன். பழைய ரக விதை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, ஒப்பிடுவதற்கு அது போதும்.